ஒன்பதாவது பொட்டு

நீங்கள் நாலு பேரும் புதிதாக ஆயா வேலைக்கு வந்திருக்கிறீர்கள். நம் டிரஸ்டின் நாலு பள்ளிக்கூடங்களிலும் இப்போது ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. அந்த அறையின் சாவி ஆயா கையில்தான் இருக்க வேண்டும் என்று நாலு இடத்திலும் முடிவாகியிருக்கிறது. ஆபீஸ் ஆணியில் தொங்காது, வாத்தியார் பையில் கிடக்காது. ஆயா கையில். இது என்னால் வந்த வழக்கம். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

போர்டை எப்படிப் போடுவது, எப்படி அணைப்பது என்பதையெல்லாம் சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப் போவது, அந்தப் போர்டை நானே கெடுத்த கதை.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து, ஸ்ரீராம்புரத்திலேயே வாழ்க்கைப்பட்டு, தெருமுனைப் பள்ளிக்கூடத்திலேயே ஆயாவாகச் சேர்ந்தவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கன்னடத்தில் பஸ் போர்டு மட்டும் தெரியும். இதைக்கூட நான் எழுதவில்லை. போனைப் பார்த்துப் பேசினேன், அதுவே தமிழில் எழுதிக்கொண்டது. தப்பு விழுந்த இடங்களை மருமகள் திருத்தினாள்.

பொம்மசந்திராவில் இருக்கும் ஒரு கம்பெனிதான் நமக்கு முதல் போர்டைக் கொடுத்தது. கதவகலத்துக்கு இரண்டு பங்கு இருக்கும், கறுப்புக் கண்ணாடி, சுற்றிலும் சட்டம். விரலால் தொட்டால் எழுதும், படம் காட்டும், நெட்டிலிருந்து பாடம் எடுத்துப் போடும். மாட்ட வந்த ஃபிட்டர், முப்பது வயது இருக்கும், பெயர்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. டீச்சர்களெல்லாம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் துடைப்பத்தோடு பக்கத்திலேயே நின்றேன், துளை போட்ட மண்ணைக் கூட்ட வேண்டுமே.

"நீங்க தொட்டுப் பாருங்கம்மா" என்றார் அவர்.

"அய்யோ, உடைஞ்சு கிடைஞ்சு போனா?"

"போனா, ஃபிட்டிங் சரியில்லன்னு என் தலையில போட்டுடுங்க. சும்மா அமுக்குங்க."

அமுக்கினேன். என் விரல் போன வழியெல்லாம் மஞ்சள் கோடு வந்தது. ஒரு தாமரைக் கோலம் போட்டுவிட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். எச்.எம். மேடம் அன்றைக்கே சாவியை என்னிடம் கொடுத்தார். "தெய்வானை, உனக்குத்தான் பயம் விட்டிருக்கு. நீயே வச்சுக்கோ. ஆனா அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா சாவி திரும்ப என்கிட்ட வந்துடும்."

அந்த ஃபிட்டரை நான் அதற்குப் பிறகு பார்க்கவேயில்லை. ஆனால் அவர் சொன்ன சொல் எனக்குப் பெரிய சொத்து. முன்பின் தெரியாத கிழவிக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள ஒருவர் தயாராக இருந்தார் பாருங்கள்.

அதிலிருந்து அந்த அறை என் அறை. செருப்போடு யாரும் உள்ளே வர முடியாது. சாக்பீஸ் வைத்திருக்கும் கையோடு வந்தால் வாசலிலேயே நிறுத்திக் கை கழுவ அனுப்புவேன், வாத்தியாராக இருந்தாலும் சரி. நெட் வரவில்லையென்றால் விசிறி மாதிரி இருக்கும் குறியைப் பார்த்துக் கண்டுபிடிப்பேன். பாஸ்வேர்டை எனக்குப் படிக்கத் தெரியாது. எந்த எழுத்துக்குப் பிறகு விரல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது தெரியும். கோலத்தில் கை தானாகப் போவதில்லையா, அப்படி.

போர்டோடு கூடவே கம்பெனி ஒரு டீச்சரையும் வைத்தது. ரெஜினா மிஸ். ஒக்கலிபுரத்திலிருந்து நடந்தே வருவார். போர்டில் பாடம் நடத்த வேண்டும் என்பதுதான் அவர் வேலை. சம்பளம் கம்பெனி கொடுப்பது, ஒரு வருஷத்துக்கு மட்டும். வருஷம் முடிவதற்குள் வந்து பார்ப்போம், பயன் இருக்கிறதென்றால் போர்டும் இருக்கும் டீச்சரும் இருப்பார், இல்லையென்றால் இரண்டையும் வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். போர்டை மாற்றலாம், வண்டியில் ஏற்றினால் போகும். டீச்சரை மாற்றுவது என்றால் வேலை இல்லை என்றுதான் அர்த்தம். அவருக்கு வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு அப்பா. எங்கேயும் தூரமாகப் போய் வேலை பார்க்க முடியாது.

நல்ல டீச்சர். நெட்டில் எங்கெங்கேயோ தேடி எடுத்து வருவார். தவளை வயிற்றை அறுக்காமலே உள்ளே காட்டுவார். எரிமலை வெடிப்பதைக் காட்டினார், அன்றைக்கு நானும் கூட்டுகிற வேலையை விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகளை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுப் போர்டைத் தொடவிடுவார். இது கன்னட மாஸ்டருக்குப் பிடிக்காது. "நோடி மிஸ், இவ்வளவு விலை போட்ட சாமானை முறுக்கு தின்ற கையால தொடவிடறீங்க. ஒரு நாள் மாட்டிக்குவீங்க" என்பார். எதற்கும் 'நோடி', பாருங்கள் என்றுதான் ஆரம்பிப்பார்.

இப்போது கதைக்கு வருகிறேன்.

நம் ஊரில் ஆயுதபூஜை எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பஸ்ஸுக்கு வாழைக்கன்று, ஆட்டோவுக்கு மாலை, ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷினுக்குக்கூடப் பொட்டு. பள்ளிக்கூடத்தில் தசரா லீவு விடுவதற்கு முந்தைய நாளே பூஜையை முடித்துவிடுவோம். சந்தனக் கிண்ணமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு நான்தான் சுற்றி வருவேன். மணிக்குப் பொட்டு, கேட்டுக்குப் பொட்டு, தண்ணீர் மோட்டாருக்குப் பொட்டு, எச்.எம். மேடம் ஸ்கூட்டருக்குப் பொட்டு. அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். "என் வண்டிக்கு ரெண்டு பக்கமும் பாதுகாப்பு இருக்கட்டும், வை" என்பார்.

போர்டுக்கு வைக்காமல் விடுவேனா? அது என் போர்டு.

ரெஜினா மிஸ் ஓடி வந்தார். "ஆயம்மா, கண்ணாடியில வேண்டாம், கறை புடிச்சுக்கும்."

"எனக்குத் தெரியாதா மிஸ்? கண்ணாடி மேல கை வைக்க மாட்டேன்."

வைக்கவில்லை. வெளிச்சட்டம் வழவழவென்று இருந்தது, சந்தனம் வழுக்கியது. சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே, உள்விளிம்பில் ஒரு மெல்லிய கறுப்புப் பட்டை ஓடுகிறது. அதில் சந்தனம் அருமையாகப் பிடித்தது. நவராத்திரி ஆயிற்றே என்று, சந்தனத்தின் மேல் குங்குமமுமாக ஒன்பது பொட்டு வைத்தேன். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று, கீழே மூன்று. மேலே எனக்கு எட்டவில்லை. சின்னச் சின்னதாக, அளவெடுத்த மாதிரி. தள்ளி நின்று பார்த்தால் தெரியக்கூடத் தெரியாது. சூடம் காட்டி, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

லீவு முடிந்து பள்ளி திறக்கிற அன்றைக்கே, பதினொரு மணிக்குக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள் என்று செய்தி. நான் ஏழரைக்கே போய்விட்டேன். காய்ந்த பூவை எடுத்தேன், கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைத்தேன். பொட்டை மட்டும் தொடவில்லை. பூஜைக்கு வைத்த குங்குமத்தை நாமாக அழிக்கக் கூடாது, அது தானாக உதிர வேண்டும். என் அம்மா அப்படித்தான் வைத்திருந்தாள், நானும் அப்படித்தான்.

ஒன்பது மணிக்கு ரெஜினா மிஸ் வந்து போர்டைப் போட்டார். முன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்.

போர்டு பைத்தியம் பிடித்தது போல ஆடியது. யாரும் தொடவில்லை, தானாகக் கோடு போடுகிறது. அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. மிஸ் ஒரு படத்தைத் திறந்தால் அது ஓடிப் போய் வேறொன்று திறக்கிறது. கணக்குப் போடும் பெட்டி வந்து, ஏழு ஏழு ஏழு என்று தானே அடித்துக்கொள்கிறது.

"தெவ்வ! தெவ்வ!" என்று பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறிக் குதித்தார்கள். கன்னடத்தில் பேய்.

"ஆயம்மா, லீவுல போர்டுக்குப் பேய் புடிச்சிருக்கு! வேப்பிலை கொண்டாங்க!"

அணைத்துப் போட்டோம். பிளக்கைப் பிடுங்கிச் சொருகினோம். அதே ஆட்டம். மிஸ் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு சர்வீஸ்காரருக்குப் போன் போட்டார். அந்த ஆள் அங்கிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "பேனல் போயிருக்கும் மேடம். பசங்க யாராவது குத்தியிருப்பாங்க. நாளன்னிக்கு வந்து பார்க்கிறேன்."

எச்.எம். மேடம் வந்தார், கன்னட மாஸ்டர் பின்னாலேயே வந்தார்.

"கடைசியா யார் போட்டது?" என்றார் மேடம்.

"நான்தான் மேடம். லீவுக்கு முந்தின நாள், பூஜைக்கு முன்னால, பசங்க எல்லாரையும் ஒரு தடவ தொடவிட்டேன்" என்றார் மிஸ்.

"நோடி மேடம்" என்று ஆரம்பித்தார் மாஸ்டர். "நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். இப்ப கம்பெனிக்காரங்களுக்கு என்ன பதில் சொல்றது? எங்க பசங்க முறுக்கு தின்னுட்டு உங்க போர்ட உடைச்சுட்டாங்கன்னா?"

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ரெஜினா, ஆபீசுக்கு வாங்க. என்ன சொல்லலாம்னு யோசிப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்னால் போனார். மணி பத்து.

நான் அறையில் தனியாக நின்றேன். போர்டு தன்பாட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தது. கோபம் வந்தது. "ஏய், உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?" என்று அதைக் கேட்டேன். கேட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். கோலம் போட்டே பழகிய கண் எனக்கு. கோடு கண்டபடி ஓடுகிற மாதிரி இருந்ததே தவிர, எல்லாக் கோடும் சில இடங்களிலிருந்துதான் கிளம்பியது. இடப்பக்கம் மூன்று இடம். வலப்பக்கம் மூன்று. கீழே மூன்று.

நான் பொட்டு வைத்த அதே இடங்கள்.

கிட்டே போய், வலப்பக்கத்துக் கீழ்ப் பொட்டை ஈர விரலால் துடைத்தேன். "தாயே, கோவிச்சுக்காதே" என்று சொல்லிக்கொண்டேதான். அந்த இடத்துக் கோடு நின்றது. அடுத்ததைத் துடைத்தேன். அதுவும் நின்றது. அந்தக் கறுப்புப் பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஓடுகிறதாம், விரல் குறுக்கே வந்தால் போர்டுக்குத் தெரிந்துவிடுமாம். பிற்பாடு மிஸ் விளக்கினார். நான் வைத்த ஒவ்வொரு பொட்டும் ஒரு விரல். ஒன்பது விரலை வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், லீவு முழுக்க.

எட்டுப் பொட்டை அழித்தேன். துடைத்த குங்குமத்தைக் கீழே போட மனசு வரவில்லை, நெற்றியிலேயே பூசிக்கொண்டேன். ஒன்பதாவதில் விரலை வைத்தேன். வைத்த விரலை எடுத்துவிட்டேன்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதையும் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது. போர்டு ஓடும். கம்பெனிக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள், சாவி என் இடுப்பிலேயே இருக்கும். ஆனால் மிஸ்? பசங்களைத் தொடவிட்டுக் கெடுத்தார், என்னமோ கடவுள் புண்ணியத்தில் சரியாயிற்று என்றுதான் பேசுவார்கள். கன்னட மாஸ்டர் அதைக் கம்பெனிக்காரர்கள் காதிலும் போடாமல் இருக்க மாட்டார். அதற்குப் பிறகு பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். டிவி பார்ப்பதற்கு டீச்சர் எதற்கு என்று அந்த வேலையும் போகும்.

ஃபிட்டிங் சரியில்லை என்று அந்த ஃபிட்டர் தலையில் போடலாமா என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. அவரே கொடுத்துவிட்டுப் போன சொல்தானே. வெட்கமாக இருந்தது. அவர் எனக்குச் சொன்னது அதற்காக இல்லை.

வாயால் சொன்னால் நம்புவார்களா? மிஸ் மேல் இருக்கிற பாசத்தில் கிழவி பழியைத் தூக்கிக்கொள்கிறாள் என்று நினைப்பார்கள். அதனால் ஒரு பொட்டை விட்டுவைத்தேன். ஆபீசுக்குப் போனேன்.

"மேடம், போர்டக் கெடுத்தது நான். மிஸ் இல்ல, பசங்க இல்ல."

மேடம் என் நெற்றியைப் பார்த்தார். எட்டுப் பொட்டுக் குங்குமம், புருவம் வரைக்கும் அப்பியிருந்தது. "என்ன தெய்வானை இது கோலம்? சாமி வந்திருக்கா?"

"சாமி வரல மேடம், புத்தி வந்திருக்கு. ஒண்ணு விட்டு வெச்சிருக்கேன், வந்து பாருங்க."

வந்தார்கள், மாஸ்டரும்தான். போர்டில் இடப்பக்கத்திலிருந்து ஒரே ஒரு கோடு மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது. பொட்டைக் காட்டினேன். துடைத்தேன். கோடு நின்றது. போர்டு குளிப்பாட்டித் தூங்கவைத்த குழந்தை மாதிரி ஆகிவிட்டது.

மிஸ் சிரித்தார். அழுத கண்ணோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நிறுத்த முடியாமல் சிரித்தார். மேடமும் சிரித்தார். கன்னட மாஸ்டர் மட்டும் பொட்டு இருந்த இடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "அப்ப முறுக்கு இல்லையா?" என்றார்.

"முறுக்கு இல்ல மாஸ்டர். குங்குமம். நீங்களும்தானே பூஜை அன்னிக்கு எங்கிட்ட சுண்டல் வாங்கித் தின்னீங்க?"

மேடம் சிரித்து முடித்துவிட்டுக் கையை நீட்டினார். "சாவி."

கொடுத்தேன். சொன்ன சொல் சொல்தான். இடுப்பு லேசாக இருந்தது, நன்றாக இல்லை. ஆனால் மிஸ்ஸை நிமிர்ந்து பார்க்க முடிந்தது.

பதினொரு மணிக்குச் சரியாக வந்தார்கள், அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு பெரியவரும், கூட ஒரு பெண்ணும். மிஸ் அன்றைக்கு நெட்டிலிருந்து எடுத்தது, வானத்திலிருந்து பிடித்த படம். முதலில் உலக உருண்டை. அதை விரலால் விரித்தார், இந்தியா வந்தது. இன்னும் விரித்தார், பெங்களூர் வந்தது. இன்னும் விரித்தார், ரயில் தண்டவாளங்கள், அதை ஒட்டி ஒக்கலிபுரம், அப்புறம் நம் தெரு.

வகுப்பு தாங்கவில்லை. "மிஸ், எங்க வீட்டு நீலத் தகரம்!" என்று ஒருத்தி ஓடி வந்து தொட்டாள். "மிஸ், எங்கம்மா மாடியில துணி காயப்போடறாங்களா பாருங்க மிஸ்!"

"இது பழைய போட்டோடா. இப்ப எடுத்தது இல்ல."

"அப்ப பழைய துணியாச்சும் தெரியுமா?"

பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஒவ்வொருத்தரும் வந்து தங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை விரலால் வரைந்தார்கள். எந்த வழி நீளம், எது குறுக்கு என்று மிஸ் போர்டையே அளக்க வைத்தார். பாதியில் கன்னட மாஸ்டர் எழுந்து வந்து, "ஸ்வல்ப அந்தப் பக்கம் தள்ளுங்க, எங்க வீடு அங்க இருக்கு" என்று தானே தொட்டுத் தள்ளினார். முப்பது பிள்ளைகளும் கைதட்டினார்கள்.

முடிந்ததும் பெரியவர் கேட்டார். "போர்டு புதுசாவே இருக்கே. யார் பார்த்துக்கறது?"

மேடம் என்னைக் காட்டினார். காலையில் நடந்ததையும் மறைக்காமல் சொன்னார். நான் வாசலில் நின்றபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யய்யோ, எங்க ஃபேக்டரியில இதே கூத்துதாம்மா! பெரிய பெரிய இன்ஜினியருங்க. பூஜை போட்டுட்டு மெஷினோட கண்ணு மேலயே குங்குமம் வெச்சுட்டாங்க. அரை நாள் லைன் ஓடல. யாரு வெச்சதுன்னு இன்னி வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கல." என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க ஒண்ணு விட்டு வெச்சுட்டுக் கூப்பிட்டீங்க பாருங்க."

போகும்போது மிஸ்ஸிடம், "அடுத்த வருஷத்துக்கு இன்னும் என்ன வேணும்னு எழுதிக் குடுங்கம்மா" என்றார். மிஸ் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். என் நெற்றியில் அப்பியிருந்ததைத் தன் கைக்குட்டையால் பொட்டளவுக்குத் திருத்திவிட்டார்.

சாவி ஒரு வாரம் மேடத்திடம் இருந்தது. எட்டாம் நாள் காலையில் என்னைத் தேடி வந்தார், நான் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தேன். "சுவிட்சப் போட்டுட்டு எத்தன எண்ணணும், பத்தா இருபதா? போர்டு வரமாட்டேங்குது தெய்வானை. நீயே வச்சுக்கோ போ" என்று சாவியை என் ஈரக் கையில் வைத்தார்.

பத்து. எண்ணிவிட்டு அப்புறம் போர்டின் பொத்தானை அமுக்குங்கள்.

வேலை என்று இருந்தால் கை தவறும். எனக்கு நாற்பது வருஷ அனுபவம், எனக்கே தவறியது, அதுவும் பக்தியோடு. தவறினால் சரி செய்யுங்கள், யாரும் வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் முழுக்கத் துடைத்துவிடாதீர்கள். பக்கத்தில் ஒருவர் மேல் அந்தப் பழி விழுந்திருந்தால், ஒன்றை விட்டுவைத்துவிட்டுப் போய்க் கூப்பிடுங்கள்.

பூஜையை நாங்கள் நிறுத்தவில்லை. நிறுத்துவோமா? போர்டுக்கான ஒன்பது பொட்டையும் அது மாட்டியிருக்கும் சுவரில் வைப்போம். நான் ஓய்வு பெற்ற வருஷம், கடைசி ஆயுதபூஜைக்கு, சந்தனக் கிண்ணத்தை ரெஜினா மிஸ் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். பள்ளி முழுக்க அவரே சுற்றி வந்து வைத்தார். சுவரில் எட்டு வைத்துவிட்டு நின்றார்.

"ஒன்பதாவது எங்க மிஸ்?" என்றேன்.

"இந்த ஸ்கூல்லயே ரொம்ப நாளா ரிப்பேர் ஆகாம ஓடுற மெஷினுக்கு இன்னும் வைக்கலியே ஆயம்மா" என்று சொல்லி, என் நெற்றியில் வைத்தார்.

அதை நான் துடைக்கவில்லை. தானாக உதிரட்டும் என்று விட்டுவிட்டேன்.